காலா, இடமா

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் என் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தார்கள். எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்துவிட்டு, எனக்கு மட்டும் அதைத் தலைகீழாக்கிவிட்டார்கள். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். வாசலில் நான் மோர்ச் செம்போடு நின்றேன். வெள்ளைச் சேலை கட்டியிருந்த அந்த அம்மாள் செம்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "அம்மிணி, சீலையக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டு சாமி" என்றார். என் அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. திருச்செங்கோட்டுச் சந்தையில் மாட்டுக்குத்தான் அப்படிக் குளம்பு பார்ப்பார்கள்.

நான் கால் முன்னால் வரப் பிறந்தவள். மற்றப் பிள்ளைகள் தலை கொடுத்து வர, நான் காலை நீட்டிக்கொண்டு வந்தேனாம். என் அம்மா பிழைத்ததே பெரும்பாடு. அப்படிப் பிறந்தவர்கள் காலால் மிதித்தால் சுளுக்கும் பிடிப்பும் விட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் கேள்வி கேட்காத விஷயம். மழை மேற்கே இருந்து வரும் என்பதைப் போல. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே யாராவது ஒருவர் எங்கள் வாசலில் குப்புறப் படுத்துக் கிடந்தார்கள். பெரியவர்களை மிதிப்பது பாவம் ஆயிற்றே என்றால், அதற்கும் வழி இருந்தது. ஏறுவதற்கு முன் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் போதும், பாவம் கழிந்துவிடும். நான் ஒற்றிக்கொண்டு ஒற்றிக்கொண்டு ஊரில் பாதிப் பேரை மிதித்துவிட்டேன்.

வந்த அம்மாளுக்கு இடது காலில் ரொம்ப நாளாக வலி. தொடையின் வெளிப்பக்கம் தொடங்கிக் கெண்டைக்கால் வரைக்கும் நரம்பைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்குமாம். புருஷன் இல்லை. ஒரே மகன். தோட்டமும் மாடும் அவர் தலையில். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. அப்படிப்பட்டவருக்கு, வீட்டோடு ஒரு கால் கிடைத்தால் வேண்டாம் என்றா இருக்கும்? மகனுக்குப் பெண் தேடினாரா, தன் வலிக்கு வைத்தியம் தேடினாரா என்று என் அப்பா அன்று கேட்டிருந்தால், அந்த அம்மாளே கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்லியிருப்பார்.

இதில் வெளியே தெரியாத ஒரு பெரிய சங்கடம் இருந்தது. அந்த அம்மாளுடைய அண்ணனுக்குப் பெண் இருந்தாள். மாமன் மகள், முறைப்பெண். அந்தப் பெண்தான் இந்த வீட்டுக்கு வருவாள் என்று அவள் தொட்டிலில் கிடந்தபோதே பேசி முடிந்திருந்தது. பள்ளிபாளையத்தில் ஆற்றங்கரையை ஒட்டி அண்ணன் வீடு. அவரிடம் போய், "காலோட பொறந்த புள்ளையொண்ணு இருக்குதுங்கண்ணா, என்ற சீவன் நிக்கோணுமின்னா எனக்கு அவதான் வேணும்" என்று இவர் கேட்டிருக்கிறார். அண்ணன் எழுந்து உள்ளே போய்விட்டாராம்.

எங்கள் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாய்மாமன் இல்லாமல் எதுவும் நடக்காது. மாப்பிள்ளைக்குச் செய்ய வேண்டிய சீரெல்லாம் அவர் கையால்தான் நடக்க வேண்டும். அந்த இடத்தில் தூரத்து உறவில் யாரையோ பிடித்து நிற்க வைத்தார்கள். அவர் எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமல் நின்றார். என் மாமியார் பந்தலின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்த தலை நிமிராமல் அதைப் பார்த்தேன். என் காலுக்காக இத்தனையா என்று பயமாக இருந்தது.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிட்டேன். கெட்டவர் இல்லை. பேச்சு மட்டும் மிளகாய் வத்தல். மருமகளை வேலை வாங்குவதில் மற்ற மாமியார்களுக்குக் குறைந்தவரும் இல்லை. ஆனால் என் காலை மட்டும் பொன்னாகப் பார்த்துக்கொண்டார். முள்ளுக்காட்டுக்குள் வெறுங்காலோடு போக விடமாட்டார். விறகு பொறுக்கப் போனால், "காலு பத்திரம் அம்மிணி" என்பார். கையைப் பற்றியோ மற்றதைப் பற்றியோ ஒருநாளும் சொன்னதில்லை. சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்ததும், களத்து ஓரமாகப் பாயை விரித்துக் குப்புறப் படுப்பார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு மிதிப்பேன்.

என் குழப்பம் அங்கேதான் தொடங்கியது. வலி கெண்டைக்காலில் என்பார். நான் கெண்டைக்காலை மிதிப்பேன். ஒன்றும் ஆகாது. ஒருநாள் தொடை மேல் ஏறப்போன கால் வழுக்கி, குதிகால் அவர் இடுப்புக்குக் கீழே பக்கவாட்டில் போய் அழுந்திவிட்டது. "ஐயோ" என்று கத்தினார். நான் பதறி இறங்கப் போனேன். "எறங்காத, எறங்காத, அதேதான், அங்கயே நில்லு. கெண்டக்கால்ல போயிக் குத்துது" என்றார். நான் நிற்பது இடுப்பில். குத்துவது கெண்டைக்காலில். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அங்கேயே குதிகாலை வைத்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவர் மூச்சு இறங்கியது. காலுக்கு அடியில் இறுகிக் கிடந்த சதை மெல்ல இளகியது. எழுந்து நடந்து பார்த்தார். "உன்ற காலு சாமி கொடுத்த காலு அம்மிணி" என்று என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

அதற்குப் பிறகு மற்றவர்களிடமும் பார்த்தேன். தலைவலி என்று வந்த ஒரு கிழவருக்குக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருந்த மேட்டில் மிதித்ததும் விட்டது. முன்பக்கம் நெஞ்சோரம் பிடிக்கிறது என்று வந்த பெண்ணுக்கு முதுகில் விட்டது. வலி ஒரு இடத்தில் உட்கார்ந்துகொண்டு அழுகிறது. அடித்தவன் வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறான். எய்தவன் இருக்க அம்பை நோகிற கதைதான். என் கால் போய் அவனைக் கண்டுபிடித்துவிடுகிறது என்று அத்தை சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். காலுக்குக் கண் இருக்கிறதாக்கும் என்று எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. புது வீட்டில் ஒருத்திக்குப் பெருமைப்பட வேறு என்ன இருக்கிறது?

இரண்டாவது கோடையில் என் வீட்டுக்காரருக்கு வலது கை பிடித்துக்கொண்டது.

அப்போது எங்கள் தோட்டத்தில் கவலை ஏற்றம் ஓடிய காலம். கிணற்று மேட்டில் மாடுகளைப் பூட்டி, சரிவில் இறக்கினால் பெரிய சால் தண்ணீரோடு மேலே வரும். திரும்பவும் மாடுகளைப் பின்னோக்கி மேட்டுக்கு ஏற்ற வேண்டும். பொழுது விடிந்ததிலிருந்து வெயில் ஏறும் வரைக்கும் கயிற்றை இழுப்பதும் தள்ளுவதுமாகவே போகும். அந்த வருஷம் மாடுகள் புதிது. முரட்டுப் பிடி பிடித்து இழுத்ததில் என்ன ஆயிற்றோ, தோளின் முன்பக்கத்திலிருந்து கட்டைவிரல் வரைக்கும் வலி. கையைத் தூக்கித் தலைப்பாகை கட்ட முடியவில்லை. சோற்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் முகம் கோணிப்போகும். ராகி வயல் காய்ந்தது. புது மாடுகள் வேறு யார் குரலுக்கும் இறங்க மாட்டேன் என்றன.

வீட்டில் மிதிக்கிற கால் இருக்கிறது, இனி என்ன என்று நீங்கள் நினைப்பீர்கள். ஊரும் அப்படித்தான் நினைத்திருக்கும், அவர் என் புருஷனாக இல்லாமல் இருந்தால்.

பெண்டாட்டி புருஷனை மிதிக்கக் கூடாது. தெரியாமல் கால் பட்டால்கூடத் தொட்டுக் கும்பிட வேண்டும். மாமனாரை மிதிக்கலாம், ஊர்க் கிழவர்களை மிதிக்கலாம், போகிற வருகிற பண்டாரத்தை மிதிக்கலாம். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் எல்லாருக்கும் பாவம் கழிகிறது. புருஷனுக்கு மட்டும் கழியாது. ஏன் கழியாது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"புருசனப் பொண்டாட்டி மிதிச்சா ஊடு வெளங்குமா?" என்றார் அத்தை. "என்னத்தப் பேசற நீயி?"

அண்ணன் மகளைத் தள்ளிவிட்டுக் காலுக்காக ஒருத்தியைக் கொண்டு வந்தவருக்கு, அந்தக் கால் தன் மகனுக்கு மட்டும் ஆகாது என்பது அதுவரை தோன்றவே இல்லை. அவருடைய முகத்தில் அன்றுதான் அது தெரிந்தது. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு வந்தது. மறுபக்கம், மகன் வலியில் கிடக்க அந்த அம்மாள் என் காலைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியவில்லை.

என் வீட்டுக்காரரிடமே கேட்டுப் பார்த்தேன். "ஏனுங்க, கதவச் சாத்திக்கிட்டு மிதிச்சு உட்டர்றனுங்க. ஆரு பாக்கப் போறாங்க?"

"அம்மாவுக்குத் தெரியாம நானு எதும் பண்ணுனதில்ல புள்ள. வேண்டாம்."

"கையில அமுக்கட்டுங்களா?"

"அமுக்கு."

வலிக்கிற கையை முழங்கையிலிருந்து தோள் வரைக்கும் என் பலம் கொண்ட மட்டும் அமுக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. "கால்ல இருக்கறது கைக்கு எப்படி வரும்?" என்று அவர் பாவமாகச் சொன்னார். எனக்கும் சரிதான் என்று பட்டது.

அத்தை உப்பு வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார். நொச்சித் தழையை வேக வைத்துக் கட்டினார். திருச்செங்கோட்டில் ஒரு வைத்தியர் கொடுத்த எண்ணெய் வீடு முழுக்க நாறியது. ஒன்றுக்கும் கேட்காமல், எடப்பாடிப் பக்கத்தில் ஒருவர் என்னைப் போலவே கால் முன்னால் வரப் பிறந்தவர் என்று விசாரித்து ஆள் அனுப்பினார். அவர் வந்தார். அறுபது வயதிருக்கும். காலைக் கழுவி, கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, என்னைவிட நூறு பங்கு சாங்கியத்தோடு தொடங்கினார். எங்கே வலிக்கிறது என்று கேட்டார். தோளும் கையும் என்றார் இவர். அந்த மனிதர் தோளையும் கையையும் மிதி மிதி என்று மிதித்தார். என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். மறுநாள் கை வீங்கியதுதான் மிச்சம்.

"என்ற காலுக்குத் தப்புனது ஒண்ணுமில்லீங்க. இவுங்களுக்குச் சுளுக்கில்லீங்க, இது வாயுவுங்க" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெரியவர் கம்மங்கூழ் குடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

அவர் போன பிறகு என் குழப்பம் இன்னும் முற்றியது. அவரும் கால் முன்னால் வரப் பிறந்தவர்தான். அவர் ஊரில் அவரும் எத்தனையோ பேரை எழுப்பி நடக்க வைத்தவர்தான். அந்தக் கால் இங்கே பலிக்கவில்லை என்றால், காலில் இருப்பது என்ன? ஒருவேளை ஆண் காலுக்கு ஒரு கணக்கு, பெண் காலுக்கு ஒரு கணக்கா? நான் என் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெடிப்பும் சாணியும்தான் இருந்தன.

ஒருநாள் சோறு கொண்டுபோனேன். கிணற்று மேட்டில் கவலை உருளையைத் தாங்குகிற கல் ஒன்று நட்டிருக்கும். அவர் அந்தக் கல்லின் முனையில் முதுகை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். நெற்றியில் வேர்வை. நான் பயந்துபோய் என்னங்க என்றேன்.

"இங்க, பட்டைக்கு மேல இந்த முனை அமுங்குனா, வலி கட்டவெரலு வரைக்கும் போகுது புள்ள" என்றார். "ஆனா பொறவு கொஞ்ச நேரம் கை லேசா இருக்குது. எதனாலன்னு தெரீல."

பட்டை என்றால் தோள்பட்டை எலும்பு. முதுகுப் பக்கம். அங்கே அவருக்கு வலியே இல்லை. யாரும் அங்கே தொட்டதும் இல்லை.

நான் சோற்றுப் போசியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அந்தக் கல் எந்த வழியாகப் பிறந்தது? மலையிலிருந்து உடைத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நட்ட கல். அதற்குக் காலும் இல்லை, தலையும் இல்லை. அது செய்கிற வேலையை எடப்பாடிக்காரர் காலால் செய்ய முடியவில்லை. ஏனென்றால் அவர் வலித்த இடத்தை மிதித்தார். கல் வேறு இடத்தை அமுக்கிற்று. அத்தைக்கு என் கால் வழுக்கிய நாளும் அதுதான் நடந்தது. அப்படியானால் காலில் ஒன்றும் இல்லை, இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

அவர் சாப்பிட்டார். நான் அந்த வரப்பிலேயே உட்கார்ந்தேன். சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கு அழுகை வந்தது. காலில் ஒன்றும் இல்லை என்றால் நான் இந்த வீட்டில் யார்? எதற்காக என்னைக் கொண்டு வந்தார்கள்? ஆடிப் பெருக்கு வந்தால் அத்தை பள்ளிபாளையம் ஆற்றுக்குப் போய்க் குளித்துவிட்டு, ஆற்றங்கரையில் இருக்கிற அண்ணன் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்க்காமல் வருவார். வண்டியில் எனக்கு எதிரே உட்கார்ந்து, முந்தானையால் ஈரத் தலையைத் துடைப்பது போல் முகத்தைத் துடைப்பார். எதற்காக அதெல்லாம்? ஒரு கல்லும் செய்யக்கூடிய வேலைக்காகவா? இதை நான் சொன்னால் அந்த அம்மாள் என்னை என்ன செய்வார் என்று நினைத்தேன். சொல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் கை விளங்காமல் போய்விடுமோ என்றும் நினைத்தேன். ரொம்ப நேரம் யோசித்ததாக இப்போது பெருமை பேசத் தோன்றுகிறது. உண்மையில் அவர் இடது கையால் சோற்றை அள்ளித் தடுமாறிச் சாப்பிட்டதைப் பார்த்ததும் முடிவு தானாக வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அத்தை வழக்கம் போல மகனை உட்கார வைத்துக் கையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் விளக்குத் திரி திரித்தபடி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அத்தை, அங்க இல்லீங்க. பொறத்தால, பட்டை மேல பாருங்க."

"அங்க அவனுக்கு நோவே இல்ல அம்மிணி."

"தெரியுமுங்க. வெரல வெச்சு அமுக்கிப் பாருங்களேன்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கட்டைவிரலை மகனின் தோள்பட்டை எலும்பின் மேல் வைத்து நகர்த்தினார். வருஷக்கணக்கில் பருத்தி எடுத்து, களை பிடுங்கிக் காய்த்துப்போன விரல். ஒரு இடத்தில் நின்றது. "கல்லக்காயாட்டம் ஒண்ணு உருளுது" என்றார். நிலக்கடலை அளவில் ஒரு முடிச்சு. அதே நொடியில் என் வீட்டுக்காரர் "அம்மா" என்று கட்டைவிரலை உதறினார்.

"அதேதானுங்க. தேக்காதீங்க. அமுக்கி அப்படியே புடிச்சுக்கோங்க" என்றேன்.

பிடித்தார். மகன் முனகினார். விடட்டுமா என்று அத்தை கண்ணால் கேட்டார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாக அவர் தோள் இறங்கியது. அத்தையின் முகம் மாறியது. "எளகுது" என்றார் மெதுவாக. "கரையுது அம்மிணி, எலுமிச்சம்பழம் கசங்குறாப்பல." பிறகு பக்கத்தில் இன்னொன்று இருக்கிறதா என்று அவரே தேடினார். அதையும் பிடித்தார்.

என் வீட்டுக்காரர் கையைத் தூக்கினார். முழுக்கத் தூக்க வரவில்லை. ஆனாலும் காது வரைக்கும் வந்தது. அதுவே பெரிய விஷயம். அவர் சிரித்தார். கையை இறக்கி, திரும்பவும் தூக்கிப் பார்த்தார். வெயில் தாழ்ந்த பிறகு ஒத்தடம் கொடுத்து, தினமும் அந்த இடங்களையே பிடித்து, அடுத்த அமாவாசைக்குள் தலைப்பாகை கட்டிக்கொண்டு கவலை ஓட்டினார்.

அத்தை அன்று சிரிக்கவில்லை. தன் கட்டைவிரலை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானு தலையோட பொறந்தவ" என்றார்.

"ஆமாங்க அத்தை."

"அப்ப உன்ற காலு?"

நான் திரியைக் கீழே வைத்தேன். "எனக்கும் தெரியலீங்க அத்தை. கால்ல ஒண்ணும் இல்லீங்களாட்ட இருக்குது. எடந்தானுங்க."

அவர் எழுந்து உள்ளே போனார். சாப்பிடக் கூப்பிட்டேன். பசி இல்லை என்றார்.

ஊருக்கு விஷயம் பரவியது. எங்கள் ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். காலில் ஒன்றும் இல்லை, இடத்தைப் பிடித்து அமுக்கினால் போதும் என்று நானே என் வாயால் எல்லாரிடமும் சொன்னேன். பக்கத்துத் தோட்டத்து அக்கா, "அடக்கமாப் பேசுது பாரு புள்ள" என்று என்னைப் புகழ்ந்தாள். இன்னொருத்தி, "நீ பக்கத்துல ஒக்காந்திருந்த, அதனால மாமியா கைக்குப் பலிச்சுது" என்றாள். என் காலடி பட்ட வீடு, அதனால் கல்லுக்குக்கூடச் சக்தி வந்துவிட்டது என்றும் ஒரு பேச்சு. நான் பொய் சொன்னபோது நம்பாமல் இருந்திருந்தால் சரி. உண்மையைச் சொன்னபோது இப்படி மரியாதையாக நம்பாமல் இருந்தார்கள். கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்தது. ஒருவேளை காலில் ஏதாவது இருக்குமோ? எடப்பாடிக்காரருக்கு வேறு காரணமோ? ஒரு நாள் காலே காரணம் என்று படும். மறுநாள் இடமே காரணம் என்று படும். நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தேன்.

நான் சொன்னதைச் சந்தேகம் இல்லாமல் நம்பியவர் ஒருவர்தான். அத்தை. தன் விரலில் உணர்ந்ததை அவர் யார் சொன்னாலும் மாற்றிக்கொள்ளவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் என்னை ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "காலு பத்திரம்" என்று சொல்வதை நிறுத்திவிட்டார். சாயங்காலம் பாய் விரிப்பதை நிறுத்திவிட்டார். இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். வலி இருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்தது. என்னை மிதிக்கச் சொல்லவில்லை. வேறு யாரையும் அமுக்கச் சொல்லவும் இல்லை.

என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் மாட்டுக் கொட்டகையில் வைத்துக் கேட்டார். "அம்மா, எடந்தான் தெரியுமே. நானே அமுக்கட்டுங்ளா?"

"நீ போயி மாட்டப் பாரு சாமி."

"அப்ப மாமன் ஊட்டுக்காச்சும் ஒரு நடை போலாமுங்மா. நானும் வாரேன். எத்தன நாளைக்கு இப்படியே இருக்கறது?"

அத்தை கையில் இருந்த சோளத்தட்டைக் கட்டைக் கீழே போட்டார். "என்னத்தச் சொல்லிட்டுப் போறது? உன்ற புள்ளையத் தள்ளி உட்டுப்போட்டு ஒரு காலைக் கொண்டாந்தேன், அந்தக் கால்ல ஒண்ணும் இல்லையாமா, அப்படின்னு சொல்லட்டுமா? எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

நான் கொட்டகைக்கு வெளியே சாணிக் கூடையோடு நின்றேன். நான் அங்கே நிற்பது அவருக்குத் தெரியும். வேண்டுமென்றே சொன்னாரா, வாய் தவறினாரா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. அன்று முழுக்க நெஞ்சு வலித்தது. அதற்கு எங்கே அமுக்கினால் விடும் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. என் அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். போனாலும் என்ன சொல்வது?

கடலை பிடுங்கும் காலம் வந்தது. எல்லாரும் காட்டில் இருந்தோம். மத்தியானத்துக்கு மேல் அத்தையால் குனியவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை. வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கொஞ்ச நேரம் கழித்துப் பின்னாலேயே போனேன். சோறு வடிக்க வேண்டியிருந்தது.

களத்தில் வெயில் சாய்ந்து கிடந்தது. அத்தை உள்ளேயிருந்து பாயை எடுத்துக்கொண்டு வந்தார். நான் நிற்கிற இடத்துக்கு நேராக விரித்தார். குப்புறப் படுத்துக்கொண்டார்.

"மிதி அம்மிணி" என்றார்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பரிதாபப்பட்டு எனக்காகப் படுக்கிறாரோ என்று தோன்றியது. சோதித்துப் பார்க்கிறாரோ என்றும் தோன்றியது. "அத்தை, காலு வேண்டியதில்லீங்க. கையிலயே அமுக்கிப் புடிச்சுக்கலாமுங்க. எடம் எனக்குத் தெரியுமுங்க" என்றேன்.

"எனக்குந் தெரியும்."

"பொறவு எதுக்குங்க?"

அவர் முகம் பாயில் அழுந்தியிருந்தது. குரல் பாய்க்குள்ளிருந்து வந்தது. "எங்கண்ணன் மொகத்துல முழிச்சு எத்தன காலமாச்சு. இந்தக் கால நம்பித்தான் அவரை உட்டுப்போட்டு வந்தேன். மவனுக்கு நீ இருக்கற. இந்தக் காலும் இல்லைன்னு ஆயிப்போச்சுன்னா எனக்கு ஆரு இருக்கறா, சொல்லு?"

நான் அவர் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கண் ஏற்கெனவே நனைந்திருந்தது. சுவரைப் பிடித்து ஏறி, இடுப்புக்குக் கீழே அந்த இடத்தில் குதிகாலை வைத்தேன். சதை கல்லாக இறுகிக் கிடந்தது. இத்தனை நாள் அதை வைத்துக்கொண்டா நடந்தார் என்று எனக்கு மனம் பதறியது. நான் அழுத்தியதும் அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறார் என்று தெரிந்தது. கெண்டைக்காலில் குத்துகிறதா, பள்ளிபாளையத்தில் குத்துகிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

"வலிக்குதுங்களா அத்தை? எறங்கிக்கட்டுங்களா?"

"வலிச்சா வலிக்கட்டும்" என்றார். "நீ எறங்காத."